ஈபேல விக்க ஆரம்பிச்சிருக்கீங்களா? சேல்ஸ் டாக்ஸ் யார் வாங்கணும், யார் கட்டணும்

அமெரிக்காவுல நியூ ஜெர்சில எடிசன் பக்கம் இருக்கேன், எட்டு வருஷத்துக்கு மேல ஈபேல விக்கறேன். பெரிய வியாபாரம்லாம் இல்ல. எஸ்டேட் சேல்ல (ஒரு வீட்டுச் சாமானையெல்லாம் மொத்தமா விக்கறது) மாட்டற பித்தளை சாமான், பழைய ஃபிலிம் கேமரா, ஊர்லேர்ந்து பார்சல்ல வர்ற புடவை, டெம்பிள் ஜுவல்லரி செட்டு, அவ்வளவுதான். (கஸ்டம்ஸ் தனிக்கதை, இங்க இழுக்கல. 800 டாலருக்குள்ள பார்சலுக்கு ட்யூட்டி இல்லங்கற சலுகை 2025 ஆகஸ்ட் 29-லேர்ந்து போயிடுச்சுன்னு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.) புதுசா விக்க வர்றவங்க எல்லாரும் என்கிட்ட கேக்கற முதல் கேள்வி சேல்ஸ் டாக்ஸ்தான். பாதிப் பேர் "ஈபேயே பாத்துக்குது, நமக்கென்ன"ன்னு இருக்காங்க, மீதிப் பேர் அம்பது மாநிலத்துக்கும் தானே கட்டணும்னு பயந்து கடையே போடாம இருக்காங்க. ரெண்டுமே தப்பு. நான் எழுதறது நியூ ஜெர்சிய வெச்சு, வேற மாநிலத்துல இருந்தா பேரும் பர்சென்ட்டும் மாறும், வழி கிட்டத்தட்ட இதேதான்.

முதல்ல: ஈபே வாங்கறது எது, நீங்க வாங்க வேண்டியது எது

கொஞ்சம் பழைய கதை சொல்லியாகணும், இல்லைன்னா இணையத்துல கிடைக்கற பழைய அட்வைஸைப் படிச்சு குழம்புவீங்க. 1992-ல குவில் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, ஒரு மாநிலத்துல உங்களுக்குக் கடையோ ஆளோ குடோனோ இருந்தாதான் அந்த மாநிலம் உங்களை சேல்ஸ் டாக்ஸ் வசூல் பண்ணச் சொல்ல முடியும். அதனால நான் ஆரம்பிச்சப்போ ஈபேல ஒரு டாக்ஸ் டேபிள் இருக்கும், அதுல நியூ ஜெர்சிக்கு மட்டும் பர்சென்ட் போட்டு வெப்போம், நம்ம மாநிலத்து ஆள் வாங்கினா டாக்ஸ் சேரும், ஒஹாயோக்காரர் வாங்கினா சேராது. அப்புறம் 2018 ஜூன் 21-ம் தேதி வேஃபேர் கேஸ்ல அஞ்சுக்கு நாலுன்னு தீர்ப்பு வந்து எல்லாம் தலைகீழா போச்சு. கடையே இல்லைன்னாலும் ஒரு மாநிலத்துக்குள்ள நிறைய வித்தா டாக்ஸ் வசூல் பண்ணித்தான் ஆகணும்னு ஆச்சு, அந்தக் கேஸ்ல சௌத் டகோட்டா வெச்சிருந்த கணக்கு வருஷத்துக்கு 1,00,000 டாலர் இல்லைன்னா 200 விற்பனை.

லட்சக்கணக்குல இருக்கற சின்ன ஆளுங்களைத் துரத்திப் பிடிக்க எந்த மாநிலத்துக்கும் பொறுமை கிடையாது, அதனால மார்க்கெட்பிளேஸ் சட்டம்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. யார் தளத்துல விக்கறீங்களோ அவங்களே டாக்ஸை வாங்கி அவங்களே கட்டணும். ஈபே 2019 ஜனவரில மினசோட்டா, வாஷிங்டன் ரெண்டு மாநிலத்துல ஆரம்பிச்சுது, கடைசியா மிசூரி 2023 ஜனவரில வந்து சேர்ந்துச்சு. இப்போ சேல்ஸ் டாக்ஸ் இருக்கற 45 மாநிலம், வாஷிங்டன் டிசி எல்லாத்துலயும் இதான் நடைமுறை. அலாஸ்கா, டெலவேர், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷர், ஆரிகன் அஞ்சுலயும் மாநில சேல்ஸ் டாக்ஸே கிடையாது, அலாஸ்கால சில ஊர் மட்டும் தனியா போடுது.

ஆக, ஈபே வழியா காசு வந்த விற்பனைக்கு நீங்க டாக்ஸ் வாங்க வேண்டாம், கட்டவும் வேண்டாம். வாங்கறவர் வீட்டுக்கு வந்து எடுத்துக்கிட்டாலும் காசு ஈபேல கட்டியிருந்தா அதேதான். அதுக்கு வெளிய நடக்கறது எல்லாம் உங்க தலைல. வாட்ஸ்அப் குரூப்ல படம் போட்டு ஸெல்லில (பேங்க் வழியா காசு அனுப்பற Zelle) காசு வாங்கறது, பொங்கல் விழால டேபிள் போடறது, இங்கிலீஷ்டவுன் ஃப்ளீ மார்க்கெட்ல ஞாயித்துக்கிழமை விரிக்கறது, ஈபேல ஒரு தடவை வாங்கினவங்க "அடுத்த தடவை நேரா குடுங்க, ஃபீஸ் மிச்சம்"னு கேக்கறது, எல்லாமே இதுல வரும். (கடைசியா சொன்னதை ஈபே விதியே தடுக்குது, அக்கவுன்ட் போயிடும், அந்த வழிக்கே போகாதீங்க.)

இன்னிக்கே ரெண்டு நோட்டு போடுங்க, எக்செல்ல ரெண்டு ஷீட்டா இருந்தாலும் சரி. ஒண்ணு தளம் வழியா வித்தது, ஒண்ணு கைல வித்தது. இந்த ஒரு வேலையை வருஷக் கடைசில பண்ணலாம்னு தள்ளிப் போட்டு, டிசம்பர்ல ஸெல் ஹிஸ்டரியை நோண்டிக்கிட்டு இது புடவைக் காசா, வாடகை ஷேரா, பர்த்டே கிஃப்ட்டுக்குப் போட்ட காசான்னு முழிச்சிருக்கேன்.

நீங்க வியாபாரியா, இல்ல வீட்டை ஒழிக்கறீங்களா

வீடு மாத்தறோம், பழைய ஸ்ட்ரோலர், மிக்சி, சோஃபா விக்கறோம்னா அது எப்பவாவது பண்ற விற்பனை, நியூ ஜெர்சில வண்டி, படகு தவிர இந்த மாதிரி விக்கறதுக்கு டாக்ஸ் வாங்க வேண்டாம். (ஆனா அதையே ஈபேல போட்டா ஈபே டாக்ஸ் போடத்தான் செய்யும், அதுக்கு நீங்க யாருன்னு தெரியாது.) விக்கறதுக்குன்னே வாங்கி விக்கறீங்கன்னா, மாசம் நாலு சாமான்தான்னாலும், நீங்க வியாபாரி.

இங்க இன்னொண்ணு, டாக்ஸைவிட முக்கியம். எச்-1பி வேலை விசால இருக்கறவங்க அந்த விசாவுக்கு மனு போட்ட முதலாளிகிட்ட மட்டும்தான் வேலை பாக்கலாம், எச்-4ல (அவங்க குடும்பத்துக்கான விசா) ஈஏடிங்கற வேலை அனுமதி இல்லாதவங்க வேலையே பாக்கக் கூடாது. வீட்டுப் பழைய சாமானை விக்கறது வேற, புடவை வரவழைச்சு வாரா வாரம் வாட்ஸ்அப்ல லைவ் போடறது வேற. மாநிலத்துல டாக்ஸுக்குப் பதிவு பண்ணிட்டேன், அதனால லீகல்னு நினைக்கறவங்க நிறைய இருக்காங்க, இமிக்ரேஷனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட கேட்டுட்டு அப்புறம் கடையைத் தொடங்குங்க.

பதிவு

நியூ ஜெர்சில என்ஜே-ரெக்னு ஒரு ஃபாரம், ஆன்லைன்லயே போடலாம், காசு கிடையாது. தொழில் தொடங்கறதுக்கு 15 வேலை நாள் முன்னாடியே போடச் சொல்றாங்க. எல்எல்சி (வியாபாரத்தைத் தனிக் கம்பெனியா பதிவு பண்றது) வேணுமான்னு எல்லாரும் கேப்பாங்க, டாக்ஸ் வசூல் பண்ண எல்எல்சி தேவையே இல்ல, சொந்தப் பேர்ல பண்ணலாம். எல்எல்சின்னா தொடங்க 125 டாலர், வருஷா வருஷம் 75 டாலர், அது உங்க இஷ்டம். ஐஆர்எஸ்கிட்ட (மத்திய அரசோட வரித் துறை) ஈஐஎன்னு வியாபாரத்துக்கான வரி நம்பரும் இலவசமா கிடைக்கும், சோஷியல் செக்யூரிட்டி நம்பரை எல்லாருக்கும் குடுத்துக்கிட்டு இருக்க வேண்டாம்னு நான் அதை வாங்கி வெச்சிருக்கேன்.

பதிவு பண்ணினதும் சேல்ஸ் டாக்ஸ் வசூல் பண்ண அத்தாட்சிப் பத்திரம் ஒண்ணு வரும், டேபிள் போடற இடத்துல அதோட காப்பி கைல இருக்கட்டும். கூடவே வேற கடுதாசியும் வரும், ஜாக்கிரதை. எனக்கு ரெண்டாவது வாரத்துல ஒரு கவர் வந்துச்சு, கழுகு முத்திரை, பார்கோடு, "கடைசி நாள்"னு சிவப்புல எழுத்து, தொண்ணூத்திச்சொச்சம் டாலர் அனுப்புன்னு. பயந்துபோய் செக்கை எழுதிப் போஸ்ட் பண்ணிட்டு சாயந்தரம் வீட்டுக்காரர்கிட்ட காட்டினா அவர் அடில பொடி எழுத்துல இருந்த "இது அரசாங்க அமைப்பு இல்லை"ங்கற வரியைக் காட்டறார். போச்சு. மாநிலம் இலவசமா குடுக்கற ஒரு பேப்பரை வாங்கித் தர்றேன்னு ஏதோ ஒரு தனியார் கம்பெனி. பதிவு ஆன பேரு பொதுவுல இருக்கும், அதைப் பாத்து அனுப்பறாங்க.

எதுக்கு டாக்ஸ் உண்டு, எதுக்கு இல்ல

நான் சூடு பட்டது இங்கதான். முதல் தடவை பொங்கல் விழால, ஒரு ஸ்கூல் ஹால்ல, டேபிள் வாடகைக்கு எடுத்து புடவையும் நகையும் விரிச்சேன். பதிவு பண்ணியாச்சு, பத்திரத்தை லேமினேட் பண்ணி டேபிள்ல நிக்க வெச்சாச்சு, ஒரே பெருமை. 80 டாலர் புடவைக்கு 5.30 டாக்ஸ் சேர்த்து 85.30ன்னு வாங்கிக்கிட்டே இருக்கேன். பதினோரு புடவை போனதுக்கு அப்புறம் ஒரு அக்கா வந்து, கணக்குப் பிள்ளை உத்தியோகமாம், "என்னம்மா இது, நம்ம ஸ்டேட்ல துணிக்கு டாக்ஸே கிடையாதே, அது தெரியாமயா கடை போட்டே"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. எனக்கு அங்கயே பூமி பிளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு. நாலு பேரை ஹால்லயே தேடிப் பிடிச்சு அஞ்சு டாலர் முப்பது சென்ட் திருப்பிக் குடுத்தேன், மீதி ஏழு பேர் யாருன்னே தெரியல. தெரியாதவங்ககிட்ட வாங்கின 37.10-ஐ நான் வெச்சுக்க முடியுமா? முடியாது. டாக்ஸ்னு சொல்லி வாங்கினா, அது தப்பா வாங்கினதா இருந்தாலும், வாங்கினவங்ககிட்ட திருப்பிக் குடுக்கணும், இல்ல மாநிலத்துக்குக் கட்டணும். கட்டினேன்.

அதனால டேபிள் போடறதுக்கு முன்னாடி உங்க சாமானை ஒவ்வொண்ணா எடுத்து இது எந்தப் பக்கம்னு பிரிச்சிருங்க. நியூ ஜெர்சில 2018-லேர்ந்து ரேட் 6.625 பர்சென்ட். உடுத்தற துணிக்குக் கிடையாது, புடவை, வேட்டி, தெச்ச பிளவுஸ், பாவாடை சட்டை எதுக்கும் இல்ல. தெக்கறதுக்குன்னு வீட்டுக்கு வாங்கற துணி, நூல், பட்டனுக்கும் இல்ல, அதனால பிளவுஸ் பிட்டும் தப்பிச்சுது. ஆனா நகைக்கு உண்டு, ஹேண்ட்பேக், சுருக்குப் பைக்கு உண்டு, குத்துவிளக்கு, கேமரா, பொம்மை எல்லாத்துக்கும் உண்டு. ஷிப்பிங் சாமானோட ஒட்டிக்கிட்டு போகும், சாமானுக்கு டாக்ஸ்னா ஷிப்பிங்குக்கும் டாக்ஸ், இல்லைன்னா இல்ல. ஒரே டப்பால புடவையும் அட்டிகையும் போட்டா ஷிப்பிங்கை விகிதப்படி பிரிக்கணும், பிரிக்கலைன்னா மொத்த ஷிப்பிங்குக்கும் டாக்ஸ்.

இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பென்சில்வேனியாலயும் துணிக்கு இல்ல. நியூ யார்க் சிட்டில ஒரு உருப்படி 110 டாலருக்குக் கீழ இருந்தா இல்ல, அதுக்கு மேல போனா 8.875 பர்சென்ட், அதனால அந்த சிட்டில இருக்கற குவீன்ஸுக்குப் போற 95 டாலர் புடவைக்கு டாக்ஸ் பூஜ்யம், 150 டாலர் புடவைக்கு 13.31. டெக்சஸ்ல துணிக்கும் உண்டு. ஈபேல இதெல்லாம் நீங்க பாக்க வேண்டாம், ஆனா கேட்டகரியை ஒழுங்கா போடுங்க. புடவையை வீட்டு அலங்காரம்னு போட்டுட்டா ஈபே அதைத் துணியா எடுத்துக்காது, வாங்கறவர் தேவையில்லாம டாக்ஸ் கட்டிட்டு உங்களைத்தான் திட்டுவார்.

விலை சொல்ற விதம்

கைல விக்கறப்போ ரெண்டு வழி. மேல போட்டு வாங்கறது: 40 டாலர் நகை செட்டு, டாக்ஸ் 2.65, மொத்தம் 42.65. சில்லறைக்குத் திண்டாடணும். இன்னொண்ணு, டாக்ஸ் சேர்த்துன்னு போர்டு எழுதி வெச்சு முழுசா ஒரு விலை, நான் இப்ப இப்படித்தான் பண்றேன். அப்போ கணக்கு பின்னாலேர்ந்து போடணும். 80 டாலர் வாங்கினீங்கன்னா 80-ஐ 1.06625-ஆல வகுங்க, 75.03 வரும், அதான் உங்க விலை, மீதி 4.97 டாக்ஸ். 80-க்கே 6.625 பர்சென்ட் போட்டா 5.30 வரும், ஒவ்வொரு விற்பனைலயும் முப்பத்திமூணு சென்ட் கைலேர்ந்து கட்டிக்கிட்டு இருப்பீங்க.

வாங்கின டாக்ஸ் உங்க காசு இல்ல, மாநிலத்தோட காசு, உங்ககிட்ட கொஞ்ச நாள் தங்கியிருக்கு. கட்டலைன்னா எல்எல்சி வெச்சிருந்தாலும் பொறுப்பான ஆள்னு உங்களையே பிடிக்கலாம். அதுக்குன்னு தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுன்ட் தொறந்து டேபிள் போட்ட அன்னிக்கு ராத்திரியே தள்ளி விட்டுருங்க.

ஈபே பக்கம் ரெண்டு எரிச்சல் உண்டு, தெரிஞ்சுக்கோங்க. ஈபே ஃபீஸ் எடுக்கறது சாமான் விலைக்கு மட்டும் இல்ல, ஷிப்பிங், வாங்கறவர் கட்டற டாக்ஸ் எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்கு. குவீன்ஸுக்கு 150 டாலர் புடவை, 10 டாலர் ஷிப்பிங்னா டாக்ஸ் 14.20, உங்க கைக்கே வராத அந்த 14.20-க்கும் 13 பர்சென்ட் வெச்சா 1.85 போகுது. ஏலத்துல ஆரம்ப விலை வெக்கறப்போ இதையும் சேர்த்து யோசிங்க. இன்னொண்ணு, ரீஃபண்ட் குடுக்கறதா இருந்தா ஈபே உள்ளயே குடுங்க, அப்போதான் டாக்ஸும் வாங்கினவருக்குத் திரும்பும். சீக்கிரம் முடியட்டும்னு ஸெல்லில அனுப்பினா அவர் டாக்ஸ் எங்கன்னு கேப்பார், உங்ககிட்ட பதில் இருக்காது.

சரக்கு வாங்கறப்போ எஸ்டி-3

பதிவு பண்ணினதுல உள்ள லாபம் இது. திரும்ப விக்கறதுக்குன்னு வாங்கற சரக்குக்கு நீங்க டாக்ஸ் கட்ட வேண்டாம், எஸ்டி-3ன்னு ஒரு ரீசேல் சர்டிஃபிகேட்டை உங்க நம்பர் போட்டு ரொப்பி கடைக்காரர்கிட்ட குடுத்தாப் போதும். எஸ்டேட் சேல் நடத்தறவங்க, ஹோல்சேல்காரங்க எல்லாரும் வாங்கிக்குவாங்க. ஈபேல வாங்கி ஈபேலயே விக்கறவங்க ஈபேகிட்டயும் இதைக் குடுத்து வெக்கலாம். ஆனா விக்க வாங்கின விளக்கு அழகா இருக்கேன்னு நம்ம பூஜை ரூம்ல வெச்சுட்டா, அன்னிக்கே அதுக்கு யூஸ் டாக்ஸ் (வாங்கறப்போ கட்டாம விட்ட டாக்ஸை நீங்களே மாநிலத்துக்குக் கட்டறது) கட்டணும். ஆபீஸ் பிரிண்டர் மாதிரி சாமானுக்கெல்லாம் எஸ்டி-3 காட்டாதீங்க, அதெல்லாம் நீங்க விக்கறது இல்ல, உபயோகிக்கறது.

கணக்கு அனுப்பறது

எஸ்டி-50ங்கறது மாநிலத்துக்கு அனுப்பற சேல்ஸ் டாக்ஸ் கணக்கு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை, ஆன்லைன்ல. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி நாலு மாசமும் 20-ம் தேதி கடைசி. போனமூணு மாசம் எனக்கு மொத்தம் 4,200 டாலர் வியாபாரம்னு வெச்சுக்கோங்க, ஈபேல 3,000, வாட்ஸ்அப்ல புடவை 700, டேபிள்ல நகையும் விளக்கும் டாக்ஸ் போக 500. மேல மொத்தம் 4,200 போடணும், அடுத்த வரில ஈபே கட்டிட்ட 3,000-ம் துணி 700-ம் சேர்த்து 3,700-ஐக் கழிக்கணும், மிஞ்சினது 500, அதுக்கு 33.13 டாக்ஸ். பத்து நிமிஷ வேலை, ரெண்டு நோட்டும் சரியா இருந்தா.

ஒண்ணுமே விக்கலைன்னாலும் பூஜ்யம் போட்டு அனுப்பியே ஆகணும். இதைத்தான் நிறைய பேர் விடறாங்க, டாக்ஸே இல்லையே எதுக்கு அனுப்பணும்னு. லேட்டா அனுப்பினா மாசத்துக்கு 5 பர்சென்ட்னு 25 வரைக்கும் ஏறும், அதுபோக மாசத்துக்கு 100 டாலர் போடவும் அவங்களுக்கு அதிகாரம் இருக்கு, லேட்டா கட்டினதுக்கு இன்னொரு 5, வட்டி தனி. ஃபோன்ல நாலு தேதிக்கும் ரிமைண்டர் போடுங்க, 20-க்கு போடாதீங்க, 12-க்கு போடுங்க.

1099-கேங்கறது (உங்களுக்கு எவ்வளவு காசு வந்துச்சுன்னு ஈபே மாதிரி தளம் ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பற ஃபாரம்) வேற விஷயம், அது வருமான வரிக்கு. 600 டாலர் தாண்டினாலே அனுப்புவாங்கன்னு பயமுறுத்திட்டு இருந்தாங்க, 2025 ஜூலைல வந்த மத்திய அரசு சட்டம் ஐஆர்எஸ் கணக்குக்கு அதைப் பழையபடி 20,000 டாலரும் 200 விற்பனையும் தாண்டினாதான்னு மாத்திடுச்சு. ஃபாரம் வரலைன்னாலும் லாபத்துக்கு வருமான வரி உண்டு.

வேற மாநிலத்துக்குப் போய் விக்கறப்போ

தபால்ல நேரடியா வேற மாநிலத்துக்கு அனுப்பினா, பெரும்பாலான இடத்துல 1,00,000 டாலர் தாண்டற வரைக்கும் உங்களை யாரும் கேக்க மாட்டாங்க, கலிஃபோர்னியா, டெக்சஸ்ல 5,00,000. சில மாநிலத்துல இன்னும் 200 விற்பனைக் கணக்கும் இருக்கு, மூணு டாலர் பொட்டு பாக்கெட் விக்கறவங்க மட்டும் எண்ணிக்கையைக் கவனிங்க. நீங்களே நேர்ல போய் டேபிள் போட்டா அந்தக் கணக்கெல்லாம் செல்லாது, முதல் டாலர்லேர்ந்தே டாக்ஸ். 2024-ல ஃபெட்னா (வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை) விழா டெக்சஸ்ல சான் அன்டோனியோல நடந்தப்போ, அங்க ஸ்டால் போட நினைச்சா ரெண்டு மூணு நாள் வியாபாரம்தானேன்னாலும் டெக்சஸ் பெர்மிட் வேணும், அது இலவசம்தான், புடவைக்கும் சேர்த்து 8.25 பர்சென்ட் வாங்கணும். நியூ யார்க்ல போடறதுன்னா 20 நாள் முன்னாடியே விண்ணப்பிக்கணும். இங்க துணிக்கு டாக்ஸ் இல்லைன்னு பழகின கை அங்க போய் வாங்க மறந்துடும், அப்புறம் நம்ம லாபத்துலேர்ந்துதான் கட்டணும்.

ரசீதெல்லாம் நாலு வருஷம் வெக்கணும். எஸ்டேட் சேல், ஹோல்சேல் கடைகள்ல குடுக்கற பளபளப்புக் காகிதம் கார் டேஷ்போர்டுல ஒரு வெயில் பட்டாப் போதும், வெள்ளைக் காகிதமா ஆயிடும். காருக்கு வந்து உக்காந்ததும் சாவியைத் திருப்பறதுக்கு முன்னாடி ஃபோன்ல ஒரு படம் எடுத்துருங்க.